மேல்மண்: நெய்வேலியின் அன்றாடமும் அதன் எழுத்தும்

1

நெய்வேலியைப் பற்றி எழுதுவதற்கென்றே ஓர் எழுத்து வகை உருவாகிவிட்டது. நகரியத்தில் பிறந்து, அங்கேயே படித்து, பிறகு சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ போய்விட்டவர்கள் எழுதும் நினைவுக் குறிப்பு அது. பள்ளி விழா மலர்கள், பழைய மாணவர் சந்திப்புகளுக்காகப் போடும் சிறு வெளியீடுகள், நண்பர்களுக்குள் சுற்றும் கட்டுரைகள் என்று பல இடங்களில் இதைப் பார்க்கலாம். நாலைந்தைப் படித்துவிட்டால் ஆறாவதை நாமே எழுதிவிடலாம். நேர்கோட்டில் ஓடும் சாலைகள், இருபக்கமும் மரங்கள், எண் போட்ட வட்டங்கள், சைக்கிள், ஷிப்டுக்கு ஊதும் சங்கு, குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் ஒரு பலா, ஒரு முருங்கை, லிக்னைட் ஹாலில் கச்சேரி, பாரதி விளையாட்டரங்கில் சுதந்திர தினம், வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி, போகாத கரண்டு. கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த மாதிரி ஒரு ஊரு இனிமே வராதுங்க.

இந்த எழுத்தைக் கேலி செய்வது சுலபம். 'நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம்' என்று ஒரு முத்திரை குத்தித் தள்ளிவிடலாம். இடதுசாரி விமர்சனம் பல சமயங்களில் அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் ஏக்கம் என்பது ஒரு தகவல். எதையோ இழந்தவர்தான் ஏங்குகிறார். இவர்கள் இழந்தது என்ன, அதை இவர்களுக்குக் கொடுத்தது யார், கொடுப்பதற்காக யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் அந்த எழுத்திடமே கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கான ஒரு முயற்சி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 'அன்றாடம்' என்கிறோமே, அது எல்லோருக்கும் இயல்பாக வாய்த்துவிடுவதில்லை. நேற்று போலவே இன்றும், இன்று போலவே நாளையும் விடியும் என்ற உத்தரவாதம் உள்ளவனுக்குத்தான் அன்றாடம் உண்டு. கையகப்படுத்தல் நோட்டீஸ் எப்போ வரும் என்று இருபது வருஷம் காத்திருப்பவனுக்கு இருப்பது அன்றாடமல்ல, தவணை. நெய்வேலி நினைவெழுத்தின் சாரமான விஷயம் அந்த உத்தரவாதம்தான். சங்கு அதே நேரத்துக்கு ஊதும், சம்பளம் அதே தேதிக்கு வரும், விளக்கு அணையாது. ஆக, நிறுவனம் மின்சாரத்தை மட்டும் உற்பத்தி செய்யவில்லை, அன்றாடத்தையும் உற்பத்தி செய்தது. உற்பத்தி என்று சொன்னால் மூலப்பொருள், கழிவு இரண்டையும் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

2

கதையின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்டும் பிரம்மாண்டமான சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அணைகளையும் ஆலைகளையும் புதிய கோயில்கள் என்று நேரு வர்ணித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பெருங்கதையாடலில் தமிழகத்தின் பங்குக்குக் கிடைத்த கோயில் நெய்வேலி.

நிறுவன வரலாறும் பள்ளிப் பாடமும் நினைவெழுத்தும் இதுவரை ஒரே குரலில் பேசும். கவனிக்க வேண்டியது சுரங்கத் தொழிலின் ஒரு சாதாரணக் கலைச்சொல்லை. நிலக்கரிக்கு மேலே இருக்கும் அத்தனைக்கும் அந்தத் தொழிலில் பெயர் 'மேல்மண்'. நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேலாக மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். இது பொறியியல் கணக்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மேல்மண்ணின் மேலடுக்கில் என்ன இருந்தது? முந்திரிக் கொல்லை இருந்தது. மல்லாட்டை, கம்பு, வரகு விளைந்த செம்மண் இருந்தது. கிணறு, களம், சுடுகாடு, ஐயனார், மாரியம்மன், ஊர்த் தெரு, சேரித் தெரு எல்லாமும் இருந்தன. கலைச்சொல் இவை அனைத்தையும் ஒரே பொருளாக்கி, அகற்ற வேண்டிய பொருளாக்கிக் கனமீட்டரில் அளந்துவிட்டது. சொல்லாடல் அதிகாரமாகச் செயல்படுவதற்கு ஃபூக்கோவிடம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. மந்தாரக்குப்பம் பக்கம் நின்று பார்த்தால் போதும். வெட்டிக் கொட்டிய மண், மலையாக நிற்கிறது.

சுரங்கத்துக்கடியில் இன்னொரு சங்கதி உண்டு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். அதை இரவும் பகலும் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். ஒரு நாள் நிறுத்தலாம் என்ற பேச்சே கிடையாது. நகரியத்தின் அமைதியான அன்றாடத்துக்கு அடியில் இப்படி ஓயாத ஓர் இறைப்பு நடந்துகொண்டிருக்கிறது. சுற்றுவட்டக் கிராமங்களில், 'எங்க கிணத்துல தண்ணி எங்கயோ கீழ போயிடுச்சு' என்ற பேச்சு ஓய்ந்ததே இல்லை.

3

இனி நகரியம். சதுரம் சதுரமாக வகுத்த வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எண். பெயர் கிடையாது. 'எந்த ஊரு?' என்று கேட்டால் 'பதினெட்டாவது வட்டம்' என்பார்கள். கிராமத்திலிருந்து வருபவனுக்கு இது விநோதம். அவன் ஊரில் தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். இங்கே எண்ணைச் சொன்னால் எண்தான்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நவீனத்தை விமர்சிக்கிற வேகத்தில் கிராமத்தை அழகுபடுத்திவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிராமத்தைக் குடியரசின் அலகாக்கச் சொன்னவர்களுக்கு 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொடுத்த பதிலை மறந்துவிட்டு யாரும் இடப்பெயர்வைப் பற்றி எழுத முடியாது. தென்னார்க்காட்டில் ஊர் வேறு, சேரி வேறு. சேரியிலிருந்து வந்து நிரந்தரத் தொழிலாளியான ஒருவருக்கு, எண் போட்ட வட்டத்தில், பக்கத்து வீட்டுச் சுவரும் தன் வீட்டுச் சுவரும் ஒன்றாக இருக்கிற குவார்ட்டர்ஸில் கிடைத்த சாவி வெறும் சாவி அல்ல. செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதும், பிள்ளை எந்தப் பள்ளியிலும் எந்த பெஞ்சிலும் உட்காருவதும், குழாயில் தண்ணீர் பிடிக்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதும் ஒரு விடுதலைதான். நகரியத்தின் நன்மையைப் பேசுகிற உரிமை யாருக்காவது இருக்கிறதென்றால் முதலில் இவர்களுக்குத்தான். ஆனால் நினைவெழுத்தில் இந்தக் குரல் அதிகம் கேட்பதில்லை. 'எங்க ஊர்ல சாதியே கிடையாது' என்று எழுதுபவர் பெரும்பாலும் சாதியால் எதையும் இழந்திராதவராக இருக்கிறார்.

தெருப் பெயரிலிருந்து சாதி விலகியது. அந்த இடத்துக்கு வீட்டின் 'டைப்' வந்தது. என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் சம்பளத்தைச் சொன்ன மாதிரி. எத்தனை அறை, எவ்வளவு தோட்டம், ஆபீசர் வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் நடுவே எத்தனை சாலை என்பதெல்லாம் வரைபடத்திலேயே தீர்மானமாகிவிட்டது. படிநிலை ஒழியவில்லை, கட்டடக்கலையாக மாறியது. எந்த ஆபீசர் குடும்பம் எந்தச் சாதி, துப்புரவுக்கு வருபவர் எந்தச் சாதி என்று எண்ணிப் பார்த்தால் பழைய ஊரின் நிழல் புதிய வரைபடத்தின் மேல் விழுவது தெரியும்.

இன்னொன்று: இந்த ஊரை ஆள்வது நிறுவனத்தின் நகர நிர்வாகம். சாலை, தண்ணீர், விளக்கு, குப்பை, கடை ஒதுக்கீடு எல்லாம் அதன் கையில். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்டதில்லை. தொழில் நிறுவனமே வசதிகளைச் செய்து கொடுக்கும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமே இடம் கொடுக்கிறது. குடிமகன் என்ற நிலைக்கும் ஊழியர் என்ற நிலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு இங்கே அழிந்துவிடுகிறது. நினைவெழுத்து, குழாய் ரிப்பேருக்குப் போன் செய்தால் ஆள் வந்துவிடும் என்று மகிழ்ச்சியோடு சொல்லும். ஆள் வருவது உரிமையாலா, சலுகையாலா என்று கேட்காது.

4

பிரெஞ்சு மார்க்சியர் ஆன்றி லெஃபெவ்ர் 'அன்றாட வாழ்வின் விமர்சனம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தவர். அவருடைய புது நகரக் குறிப்புகள் 1960-ஐச் சேர்ந்தவை. அவர் எதிரில் இருந்தது தென்மேற்குப் பிரான்சின் லாக் எரிவாயு வயலையொட்டித் தொழிலாளிகளுக்காகக் கட்டிய மூராங்ஸ் என்ற நகரியம். 1957-ஐ ஒட்டி எழுந்த ஊர் அது. அதாவது நெய்வேலியின் சம வயது. தன் இளமைக்கால ஊரான நவாராங்ஸையும் பக்கத்திலேயே முளைத்த மூராங்ஸையும் அருகருகே வைத்து அவர் பார்க்கிறார். பழைய ஊர், நத்தை தன் உடம்பிலிருந்து கசிய விட்டுக் கட்டிக்கொண்ட ஓடு மாதிரி, வாழ்க்கையே மெல்ல மெல்லச் சுரந்து கட்டியது. புது நகரில் எல்லாம் திட்டம், எல்லாம் பயன்பாடு, எல்லாம் சைகை விளக்கு. எதிர்பாராதது எதுவும் நடக்காது. அவருக்கு அங்கே கேட்டது அலுப்பின் ஓசை.

இதை நெய்வேலிக்கு அப்படியே தூக்கி வந்து ஒட்டினால் ஒட்டாது. இரண்டு காரணங்கள். ஒன்று, நம் நினைவெழுத்தில் அலுப்பே இல்லை. லெஃபெவ்ருக்கு எது சலிப்பூட்டியதோ அதுவே, ஒழுங்கும் திட்டமும் உத்தரவாதமும், இங்கே இன்பமாக நினைவுகூரப்படுகிறது. ரேஷன் கடை வரிசையும் வட்டிக்காரனும் வறண்ட கிணறும் சூழ்ந்த தேசத்தில் எதிர்பாராதது நடக்காமலிருப்பதே ஒரு சுகம். ஐரோப்பியச் சிந்தனையாளரின் அலுப்பை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் முக்கியமானது. மூராங்ஸின் பக்கத்தில் நவாராங்ஸ் நின்றுகொண்டிருந்தது, ஒப்பிட முடிந்தது. நெய்வேலியில் அந்த நத்தை ஓட்டையே தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பழைய ஊர் கிடையாது, அது கீழே இருக்கிறது.

முற்றாகக் கீழே போய்விட்டது என்றும் சொல்லிவிட முடியாது. வில்லுடையான்பட்டு என்ற பெயர் நகரியத்துக்குள் இருக்கும் முருகன் கோயிலின் பெயராக நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டக் கிராமங்களெல்லாம் காவடியும் பால்குடமுமாக எண் போட்ட சாலைகளில் வந்து இறங்கும். மற்ற நாட்களில் காவலாளி நிறுத்தி விசாரிக்கக்கூடிய ஆட்கள் அன்றைக்கு யாரையும் கேட்காமல் வருகிறார்கள். மஞ்சள் தண்ணியும் வேப்பிலையும் பொரிகடலையும் கலந்த ஒரு ஊர், திட்டமிட்ட நகரின் மேல் ஒரு நாள் படர்ந்துவிட்டுப் போகிறது. அதிகாரத்துக்கு இடம் சொந்தம், இடமில்லாதவனுக்கு வேளை மட்டும்தான் சொந்தம், கிடைத்த வேளையில் அவன் தன் தந்திரத்தைக் காட்டுகிறான் என்கிற பொருளில் மிஷேல் தெ செர்த்தோ 1980-இல் எழுதினார். இதை பக்தி என்று மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பெயரையும் வழியையும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்கிற காரியம் அது.

5

வீட்டுக்குள் போவோம். நகரியத்தின் அன்றாடத்தை ஷிப்டு நடத்தியது என்றால், ஷிப்டை வீட்டுக்குள் நடத்தியவர்கள் பெண்கள். கணவருக்கு இரவு ஷிப்டு என்றால் பகல் முழுக்க வீடு மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். 'அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே' என்பது நெய்வேலிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம். விடிகாலை ஷிப்டுக்கு ஒரு சமையல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சமையல், மத்தியான ஷிப்டுக்கு ஒன்று, ராத்திரி திரும்பி வருபவருக்குச் சூடு பண்ணி ஒன்று. வாரத்துக்கு வாரம் இது மாறும். சுரங்கத்தில் எந்திரம் நிற்காமல் ஓட வேண்டுமானால் அடுக்களையில் அடுப்பும் நிற்காமல் எரிய வேண்டும். அந்த அடுப்பிலேயே நெய்வேலிச் சரக்குதான் ரொம்ப நாள் எரிந்தது. 'லெக்கோ' என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த புகையில்லாக் கரிக்கட்டி. யூரியாத் தொழிற்சாலையும் இருந்தது. இரண்டும் இன்று இல்லை. லெக்கோ அடுப்பின் வாசனையை எழுதாத நினைவுக் குறிப்பு அபூர்வம். அந்த அடுப்பை மூட்டியவரின் நாளைப் பற்றி எழுதிய குறிப்பும் அபூர்வம்.

அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் இன்னும் ஒரு படி கீழே. வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கமிருந்து விடியற்காலை நடந்து வருபவர். நினைவெழுத்தில் இவர் 'ஆயா' என்றோ 'பாத்திரம் கழுவும் அம்மா' என்றோ ஒரு வரி வருவார். 'எங்க வீட்டு மனுஷி மாதிரி இருந்தாங்க' என்ற சான்றிதழும் கூடவே வரும். அவர் எங்கிருந்து வந்தார், அவருடைய மாமனாரின் கொல்லை எந்தச் சுரங்கத்துக்குள் போயிற்று என்ற கேள்வி வராது. கேட்டிருந்தால் எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிற வராந்தாவின் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பது எழுதுபவரின் கெட்ட எண்ணமல்ல, அந்த எழுத்து வகையின் இலக்கணம். தன் ஏக்கம் கலங்காமல் இருக்க வேண்டுமானால் தனக்கு முன்னால் அங்கே யாரும் இல்லை என்று அது பாவித்தாக வேண்டும். 'பொட்டல் காட்டை நகரமாக்கினார்கள்' என்ற வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது. பலாவும் முந்திரியும் காய்த்த பூமிக்குப் பெயர் பொட்டல் காடு!

6

வேலையிடத்துக்கு வந்தால் நெய்வேலியில் மனிதர்கள் மூன்று விதம்: பர்மனென்ட், சொசைட்டி, கான்ட்ராக்ட். ஒரே எந்திரத்தின் பக்கத்தில் நின்று, ஒரே சாம்பலைச் சுவாசித்து, ஒரே வேலையைச் செய்தாலும் மாதக் கடைசியில் மூன்று விதமான கூலி, மூன்று விதமான மருத்துவம், மூன்று விதமான மரணம். நினைவெழுத்து ஏறத்தாழ முழுக்க முதல் வகையின் வீடுகளிலிருந்து வருகிறது.

நெய்வேலியின் போராட்ட வரலாறும் இந்தப் பிரிவினையைக் காட்டித்தரும். 2006-இல் நிறுவனத்தின் பங்கை விற்க மத்திய அரசு முற்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாநிலமே பின்னால் நின்றது. மத்தியக் கூட்டணியே ஆட்டம் காண, பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனைகளை நிறுத்தி வைத்தார். 2013-இல் பேச்சு திரும்ப எழுந்தபோது தமிழக அரசின் நிறுவனங்கள் அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன. 'நெய்வேலி நம்முடையது' என்ற உணர்ச்சி அவ்வளவு பலமானது. அதே காலகட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2008, 2010, 2012, 2014 என்று திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அந்த 'நம்' கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று. 2014 மார்ச் 17 அன்று ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரண்டாம் சுரங்க வாசலில் பலியானார். 2020-இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு தடவை கொதிகலன் பகுதியில் வெடிப்பு. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், மற்றவர்கள் மருத்துவமனையில் ஒவ்வொருவராக. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் பலர்.

குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் வெண்ணிற ஆவியை மேகத்தோடு ஒப்பிட்டு எழுதாத நெய்வேலிக்காரர் உண்டா? தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது காட்சி. கொதிகலன் பக்கத்தில் நிற்பவருக்கு வேலை. காட்சியாகவும் வேலையாகவும் ஒரே பொருள் பிரிந்து கிடப்பதுதான் வர்க்கம்.

7

நகரியத்துக்கு வெளியிலிருந்து எழுத்து வரவில்லையா? வந்தது. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' நாவல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தவர்களை எழுத்துக்குள் கொண்டுவந்தது. அதைவிடவும் எனக்கு முக்கியமாகப்படுவது அவர் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி. மண்ணையும் மகசூலையும் கருவிகளையும் உறவுகளையும் வசவுகளையும் அந்த மண்ணின் பேச்சிலேயே பதிந்து வைத்த காரியம். ஒரு பக்கம் 'மேல்மண்' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாம் மூடப்படுகிறது. இன்னொரு பக்கம் அந்த மேல்மண்ணுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான சொற்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அடுக்கப்படுகின்றன. அகராதி அரசியல் பிரதியாவது இப்படித்தான்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. நில இழப்பைப் பற்றிய நம் எழுத்தும் போராட்டமும் பொதுவாகப் பட்டாதாரரின் துயரத்தையே பேசுகின்றன. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவனுக்குத்தான் இழப்பீடு பேசியது. அந்த நிலத்தில் களை எடுத்தவள், கதிர் அறுத்தவன், புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர், மாடு மேய்த்தவர் யாரும் அதன் கணக்கில் இல்லை. கொல்லைக்காரருக்குச் செக் வந்தது, கொல்லையில் கூலி செய்தவருக்கு வேலை போயிற்று. வெளியேறிய ஊரிலும் ஊர், சேரி என்ற பிளவு கூடவே போய்ப் புது இடத்தில் குடியேறியது. விவசாயி என்ற ஒற்றைச் சொல்லால் இதை மூடினால் நாமும் மேல்மண் கணக்குத்தான் போடுகிறோம்.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கலாம். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று, பயிர் வைக்காதீர்கள் என்று முன்னரே சொல்லிவிட்டோம் என்பது நிறுவனத்தின் வாதம். காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் காகிதத்தில் தன்னுடையதல்லாத நிலத்தில் ஒருவன் ஏன் வருஷா வருஷம் நாற்று நடுகிறான்? மழை வந்தால் நடுவது அவனுடைய அன்றாடம் என்பதால். நிலம் கைமாறிய பிறகும் அன்றாடம் கைமாறவில்லை. அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா என்பது உயர் நீதிமன்றத்திலேயே எழுந்த கேள்வி. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பயிருக்கு விலை போட்டாயிற்று. நடுகிற பழக்கத்துக்கு எந்தச் சட்டத்தில் விலை இருக்கிறது?

8

இப்போது முதல் கேள்விக்கே திரும்பலாம். நகரியத்துக்காரர்கள் இழந்தது என்ன?

குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து, பிள்ளை பெற்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தோட்டத்தில் பலா நட்டு அது காய்த்த பிறகும், ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பலா நிற்கும், நட்டவர் போய்விடுவார். பிள்ளைகளுக்கு 'சொந்த ஊர்' என்று திரும்பிப் போக அந்த வீடு இருக்காது. ஊரும் சுருங்கிவருகிறது. 2001 கணக்கெடுப்பில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2011-இல் ஒரு லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. காலி குவார்ட்டர்ஸ்களில் செடி முளைக்கிறது. 2016-இல் நிறுவனத்தின் பெயரே மாறி, அதில் இருந்த நெய்வேலி என்ற சொல் மூன்று எழுத்துச் சுருக்கத்துக்குள் போய் மறைந்தது.

ஆக, நினைவெழுத்தின் ஏக்கத்துக்கும் இடம்பெயர்ந்தவர்களின் கோபத்துக்கும் வேர் ஒன்றுதான்: நெய்வேலியில் நிறுவனத்தைத் தவிர யாருக்கும் பட்டா கிடையாது. ஒருவர் வரும்போதே வெளியேற்றப்பட்டார், இன்னொருவர் ஓய்வு பெறும்போது வெளியேறினார். இரண்டும் சமம் என்று சொல்லவில்லை. ஒருவருக்கு ஓய்வூதியப் பலன்களும் படித்த பிள்ளைகளும் மிஞ்சின, இன்னொருவருக்குப் பிள்ளையின் கான்ட்ராக்ட் அட்டை மிஞ்சியது. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு 'எல்லோரும் அகதிகள்தான்' என்று பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் உறவு இருக்கிறது. அந்த உறவை நகரியத்தின் எழுத்து ஒப்புக்கொள்கிற நாளில் அது ஏக்கம் என்ற நிலையைத் தாண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியும் பழுப்பு நிலக்கரி பூமிதான். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பாதியாகவோ சுரங்கத்துக்குள் போயின. சோர்பியர் என்ற சிறுபான்மையினரின் ஊர்கள் அதில் கணிசம். ஹோர்னோ என்ற ஊர் பல வருஷம் போராடித் தோற்றது. அந்த மக்கள் குடியமர்ந்த புதிய ஹோர்னோவில் 2006 முதல் மறைந்துபோன ஊர்களுக்கான ஆவணக் காப்பகம் ஒன்று இயங்குகிறது. எந்த ஊர், எத்தனை பேர், எந்தத் தேதியில் போயிற்று என்ற கணக்கு அங்கே இருக்கிறது. 2023 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் லுட்சராட் என்ற குக்கிராமத்தைப் போலீஸ் காலி செய்தபோது உலகமே பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் வளையமாதேவி.

காப்பகம் கட்ட நமக்குக் காசில்லை என்பார்கள். சரி, எழுதலாமே. நெய்வேலியில் புத்தகம் படிக்கிற பழக்கத்துக்குக் குறைவில்லை. 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடத்திய ஊர். சிறுபத்திரிகைகளைத் தேடிச் சேர்த்து நகலெடுத்துப் பாதுகாத்த 'வேர்கள்' இலக்கிய இயக்கம் இருந்த ஊர். எண் போட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் அடியில், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மேலே, எந்த ஊர் இருந்தது, எந்தச் சேரி இருந்தது, யார் எங்கே போனார்கள் என்று எழுதச் சொல்லி நகரியத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். பாத்திரம் கழுவ வந்தவரின் பெயரிலிருந்து தொடங்கலாம். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் பல பேர் இன்னும் இருக்கிறார்கள், வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும். பஸ் ஏறினால் பத்து நிமிஷம்.